உறையும் நிலத்தில் ரயில் பாதை அமைப்பது எப்படி?

கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் சேலத்தைச் சுற்றியுள்ள மற்றக் கல்லூரிகளிலும் சிவில் படித்து முடித்துக் கட்டுமான நிறுவனங்களில் சேரும் இளைஞர்களில் சிலருக்கு, முதல் பணியிடமே காஷ்மீரிலோ இமாசலத்திலோ அமைந்துவிடுகிறது. உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா பாதையின் 272 கிலோமீட்டர் வேலை முடிந்து, செனாப் பாலமும் 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பாதையைப் பராமரிக்கும் வேலை இனி ஆண்டுக்கணக்கில் தொடரும். பிலாஸ்பூரிலிருந்து மணாலி வழியாக லே வரை செல்லவேண்டிய பாதைக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. சேலத்து வெயிலில் லெவல் பிடிக்கக் கற்ற ஒருவர் அங்கே போனால் எதைப் புதிதாகக் கற்க வேண்டும், இங்கே கற்றதில் எதை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதைத் தண்டவாளப் பராமரிப்பில் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்ப் பகுதியில் பாதையைக் கெடுப்பது தண்ணீர். அது எங்கே தேங்குகிறது, எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம் உறைகிறது, எப்போது உருகுகிறது என்பதற்கு விடை கிடைத்த பிறகே அலைன்மென்ட் (பாதை செல்லும் தடம்) வரைபடத்தைத் தொட வேண்டும். சரிவு விகிதம், வளைவு, பாலங்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. இந்த வரிசையை மாற்றிக்கொண்ட திட்டங்கள் பிற்காலத்தில் பெரும் செலவை இழுத்துவிட்டிருக்கின்றன.

எந்த வகைக் குளிர் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

குளிர்ப் பகுதிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பனி விழுந்து குவிந்தாலும் நிலம் ஆழமாக உறையாத இடங்கள் உண்டு. குளிர்காலத்தில் மேல்மண் உறைந்து வசந்தத்தில் முழுவதுமாக உருகிவிடும் இடங்கள் உண்டு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கும். மூன்றாவது வகை, நிலம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யம் டிகிரிக்கு மேல் போகாமல் உறைந்தே கிடக்கும் பெர்மாஃப்ரோஸ்ட். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா, திபெத் பீடபூமி ஆகிய இடங்களிலும் லடாக்கின் உயர்ந்த பகுதிகளிலும் இது இருக்கிறது. இந்த நிலத்திலும் கோடையில் மேலே ஒரு படலம் உருகி, குளிரில் மீண்டும் உறையும். பாதை உட்காரப்போவது அந்தப் படலத்தின்மேல்தான்.

பருவ உறைவு உள்ள நிலத்தில் நமது கவலை, மண் எழும்புவது. பெர்மாஃப்ரோஸ்ட் நிலத்தில் அதைவிடப் பெரிய கவலை, அடியில் உள்ள பனி உருகி மண் அமிழ்வது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே உங்கள் கையில் இருக்கும் கிலோமீட்டர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாதையில் சில நூறு மீட்டருக்குள் வகை மாறக்கூடும். தெற்கு நோக்கிய சரிவு வெயில் பட்டு உருகியிருக்கும்போது எதிர்ச் சரிவு ஆண்டு முழுதும் உறைந்திருப்பது வழக்கமான காட்சி.

மண் ஏன் எழும்புகிறது

தண்ணீர் உறையும்போது கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது என்பது பள்ளிப் பாடம். அதனால்தான் நிலம் எழும்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 9 சதவீதம் மட்டும் காரணமாக இருந்தால், ஒரு மீட்டர் ஆழம் உறைந்த ஈரமண் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் எழும்ப வழியில்லை. உண்மையில் அதைவிடப் பல மடங்கு எழும்பிய இடங்கள் உண்டு. அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் சோதித்தார். உறையும்போது சுருங்கும் பென்சீன் திரவத்தை மண்ணில் நிரப்பி உறைய வைத்தபோதும் மண் எழும்பியது. உறைவுக் கோட்டை நோக்கிக் கீழிருந்து திரவம் இழுக்கப்பட்டு, அங்கே தனிப் படலங்களாக உறைந்து சேர்வதே உண்மைக் காரணம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணின் நுண்துளைகள் நிலத்தடி நீரை மேலே இழுக்கின்றன. இழுத்த நீர் பனிக்கீற்றாகத் தடித்துக்கொண்டே போகிறது.

எழும்புவதற்கு மூன்று பொருள்கள் ஒன்றுசேர வேண்டும்: நுண்துகள் கொண்ட மண், கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர், போதிய நேரம் நீடிக்கும் உறைகுளிர். இவற்றில் ஒன்றை அகற்றினாலும் நிலம் எழும்பாது. குளிரை நம்மால் அகற்ற முடியாது. எனவே மண்ணை மாற்ற வேண்டும், அல்லது தண்ணீரை வடிக்க வேண்டும், அல்லது உறைவு ஆழத்தைக் குளிரைத் தடுக்கும் காப்புப் பலகையால் குறைக்க வேண்டும். பருவ உறைவுப் பகுதியில் கரை, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் மண்மேடு, அமைப்பதன் வடிவமைப்பு முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது.

மிகவும் ஆபத்தானது வண்டல். மணலின் துளைகள் பெரியவை. நீரை மேலே இழுக்கும் விசை அதற்குப் போதாது. களிமண்ணுக்கு விசை உண்டு, ஆனால் நீர் அதனூடே நகர்வது மெதுவாக இருக்கும். வண்டலில் விசையும் உண்டு, நகர்வும் உண்டு. ஆர்தர் காசகிராண்டே 1930-களின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோல் இன்றும் களத்தில் கைகொடுக்கிறது: பல அளவுத் துகள் கலந்த மண்ணில் 0.02 மில்லிமீட்டரைவிடச் சிறிய துகள்கள் 3 சதவீதத்தைத் தாண்டினாலே சந்தேகப்படுங்கள். ஏறக்குறைய ஒரே அளவுத் துகள்கள் கொண்ட மண்ணாயிருந்தால் அந்த எல்லை 10 சதவீதம். இங்கே கரைக்குக் கொட்டும் கிராவலைச் சல்லடையில் போட்டு 75 மைக்ரானில் நிறுத்திவிடும் பழக்கம் அங்கே போதாது. நுண்துகள்கள் நீரில் படியும் வேகத்தைக் கொண்டு அவற்றின் அளவைக் காணும் ஹைட்ரோமீட்டர் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் கரேவா மேடுகள் பழைய ஏரிப் படிவு வண்டலால் ஆனவை என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது, அதைச் சேலத்திலேயே செய்யலாம். மூக்கனேரியின் கரையோரத்தில் கோடையில் காய்ந்து கிடக்கும் வண்டலில் கொஞ்சமும், கட்டுமானத்துக்கு வாங்கிய சுத்தமான மணலில் கொஞ்சமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளில் ஒவ்வொன்றையும் ஈரமாக்கிக் கெட்டியாக அடைத்து, அடியில் தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்சை வைத்து, பக்கங்களையும் அடியையும் தடித்த தெர்மோகோலால் மூடுங்கள். மேற்பகுதி மட்டும் திறந்திருக்கட்டும். பிறகு ஃப்ரீசரைக் கடுங்குளிருக்கு வைக்காமல், அதன் மிதமான நிலையில் வைத்து, குளிர் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும்படி விடுங்கள். உறைந்த பின் வண்டல் துண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தால், சாம்பல் நிற மண்ணுக்கு நடுவே கிடைமட்டமாக மெல்லிய பனிக்கீற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடியிருப்பதைக் காணலாம். மேற்பரப்பும் குழாயின் விளிம்பைத் தாண்டி மேடாகியிருக்கும். மணலில் கீற்றுகள் இருக்காது, துகள்களுக்கு இடையில் பரவலாக உறைந்திருக்கும். வண்டல் துண்டை உருகவிட்டுப் பாருங்கள். கெட்டியாக அடைத்த மண் கூழாகிவிடும். வசந்தத்தில் ரயில் ஓடும்போது ஜல்லிக்கு அடியில் நடப்பது அதுதான். உறைந்தபோது எழும்பியதைவிட உருகும்போது தாங்குதிறன் போய்விடுவதே பாதைக்குப் பெரிய கேடு.

ஆய்வை எப்படி நடத்துவது

துளையிட்டு மண் மாதிரி எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு முக்கியத் துளையிலும் பல ஆழங்களில் வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டர் உணரிகளின் சரத்தை இறக்கி, குறைந்தது ஒரு முழு ஆண்டு வெப்பநிலையைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு கோடையின் அளவீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வடிவமைத்தால் நிலத்தின் பாதிக் குணம் தெரியாமலே போய்விடும். நிலத்தடி வெப்பநிலை மைனஸ் 5 டிகிரியாக இருந்தால் ஓரளவு நிம்மதி. மைனஸ் 1-க்கும் பூஜ்யத்துக்கும் இடையில் இருந்தால் கரையைப் போட்டாலே அது உருகத் தொடங்கிவிடலாம்.

உறைவு ஆழத்தைத் தோராயமாகக் கணிக்க, குளிர்கால நாள்களின் சராசரி வெப்பநிலையைக் கூட்டிப் பாருங்கள். சராசரி மைனஸ் 8 டிகிரி வீதம் 90 நாள் நீடித்தால் உறைவுக் குறியீடு 720 டிகிரி-நாள். ஸ்டெஃபான் சூத்திரத்தின்படி, உறைந்த மண்ணின் வெப்பக் கடத்துதிறனை மீட்டர்-டிகிரிக்கு 1.8 வாட் என்றும், உலர் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1,600 கிலோ என்றும், ஈரப்பதத்தை 20 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 1.45 மீட்டர் வரும். இந்தச் சூத்திரம் சற்றுக் கூட்டியே சொல்லும், ஆதலால் பாதுகாப்பான பக்கம் நிற்கிறோம். மற்ற எண்கள் மாறாமல் ஈரப்பதம் மட்டும் 10 சதவீதமாகக் குறைந்தால் ஆழம் 2 மீட்டரைத் தாண்டுகிறது. காய்ந்த மண்ணில் குளிர் இன்னும் ஆழமாக இறங்குகிறது, ஆனால் அங்கே உறைந்து சேரத் தண்ணீர் இல்லாததால் நிலம் எழும்புவதில்லை. உறைவு ஆழமும் எழும்பலும் வேறு வேறு என்பதை இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

உள்ளூர் மக்களிடம் கேளுங்கள். எந்தச் சரிவில் பனிப்பாளம் இறங்கும், எந்த ஓடையில் குளிர்காலத்தில் ஊற்று நீர் வழிந்து வழிந்து படிப்படியாக உறைந்து மேடாகும், காற்று எந்தப் பக்கம் பனியைக் கொண்டுபோய்க் குவிக்கும் என்பது அங்கே ஆடு மேய்ப்பவருக்கு நம்முடைய வரைபடத்தைவிட நன்றாகத் தெரியும்.

வெட்டா, கரையா

சேலத்துப் பயிற்சியில் கற்ற ஒரு பழக்கத்தை இங்கே விட வேண்டியிருக்கிறது. நம் ஊரில் புதிய பாதைக்கு முதல் வேலை முட்செடிகளை அகற்றி, வேரோடு மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பது. பெர்மாஃப்ரோஸ்ட் நிலத்தில் பாசியும் கரிமண்ணும் கலந்த அந்த மேல்படலம்தான் கோடை வெயிலிலிருந்து அடிநிலத்தைக் காக்கும் போர்வை. அதைச் சுரண்டினால் அந்த ஆண்டே அடியில் உள்ள பனி உருகத் தொடங்கும். புல்டோசர் சங்கிலி ஒருமுறை ஏறிப்போன தடம்கூடச் சில ஆண்டுகளில் நீர் ஓடும் பள்ளமாகிவிடும். ஆகவே அதைத் தொடாமல், மேலே ஜியோடெக்ஸ்டைல் எனும் செயற்கை இழைத் துணியை விரித்து, அதன்மேல் கரையைக் கட்டுங்கள்.

அதே காரணத்தால் வெட்டு எடுப்பதை, அதாவது நிலத்தைத் தோண்டி அதற்குள் பாதை போடுவதை, கூடியவரை தவிருங்கள். வெட்டியதும் பனி நிறைந்த அடிமண் வெயிலுக்குத் திறந்துவிடுகிறது, பக்கச் சுவர்கள் சேறாக வழிகின்றன, பனியும் வந்து குவிகிறது. தவிர்க்க முடியாத வெட்டில் ஆழமாகத் தோண்டி, உறைவால் எழும்பாத பருமணலும் உடைகல்லும் நிரப்பி, நடுவே எக்ஸ்பிஎஸ் எனும் பாலிஸ்டைரீன் நுரைக் காப்புப் பலகைகளைப் பதித்து, சரிவுகளையும் மூட வேண்டும். நார்வேயிலும் பின்லாந்திலும் பருவ உறைவுக்கு எதிராக இத்தகைய பலகைகளைப் பாதைக்கு அடியில் பயன்படுத்துகிறார்கள்.

விடாமல் கொண்டுபோக வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. ஏற்காடு மலையின் மேற்கு அடிவாரத்தைத் தழுவிச் செல்லும் லோக்கூர்–டேனிஷ்பேட்டைப் பகுதியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உரிய அனுமதியுடன் கேங் ஆட்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் நீரை மேற்புறக் கால்வாய் எங்கே பிடிக்கிறது, பாதைக்கு அடியில் நீர் போகும் எந்தக் கல்வெர்ட் வழியாகக் கடத்துகிறது, எங்கே சருகும் கல்லும் அடைத்திருக்கிறது என்று பாதையை அன்றாடம் நடந்து பார்க்கும் அனுபவமுள்ள கீமேன் ஒருவர் குனிந்து கையை விட்டுக் காட்டுவார். கல்வெர்ட்டின் மேல்வாயில் நிற்கும் ஒரு சாண் தண்ணீர் அவர் கண்ணில் படாமல் போகாது. அந்தக் கண்தான் வடக்கிலும் வேண்டும். உறையும் நிலத்தில் கரையின் காலடியில் தேங்கும் நீர், கோடை வெப்பத்தை உள்வாங்கி அடிநிலத்துக்குள் கடத்துகிறது. ஒரு சிறு குட்டை சில ஆண்டுகளில் கரையின் ஒரு பக்கத்தையே அமிழ்த்திவிடும். எனவே கல்வெர்ட்டுகளை நெருக்கமாக வையுங்கள், குளிர்காலத்தில் பாதியளவு பனி அடைத்தாலும் வசந்த வெள்ளம் போகும்படி பெரிதாக வையுங்கள், பக்கக் கால்வாயைக் கரையின் காலிலிருந்து தள்ளி வெட்டுங்கள்.

கனடாவின் ஹட்சன் விரிகுடா ரயில் பாதையில் நடந்தது இதற்குச் சான்று. தி பாஸ் நகரிலிருந்து சர்ச்சில் துறைமுகம் வரை 1929-இல் முடிக்கப்பட்ட இந்தப் பாதை, வட பகுதியில் சதுப்புக் கரிமண்மீதும் பெர்மாஃப்ரோஸ்ட்மீதும் செல்கிறது. 2017 மே மாத வெள்ளத்தில் பல இடங்களில் கரை அரிக்கப்பட்டு, சாலைத் தொடர்பே இல்லாத சர்ச்சில் ஊருக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ரயில் போகவில்லை. அலாஸ்காவில் செம்புச் சுரங்கத்துக்காக 1911-இல் முடிந்து 1938-இல் கைவிடப்பட்ட காப்பர் ரிவர் ரயில் பாதையின் பழைய புகைப்படங்களையும் பாருங்கள். அடிநிலம் உருகியதால் தண்டவாளங்கள் மேலும் கீழுமாக நெளிந்து கிடப்பதை அவற்றில் காணலாம்.

நிலத்தைக் குளிர வைப்பது

சீனாவின் கோல்முடிலிருந்து லாசா வரையிலான 1,142 கிலோமீட்டர் திபெத் பாதை 2006 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் பெர்மாஃப்ரோஸ்ட். அதிலும் சுமார் பாதி, உருகும் விளிம்பில் இருக்கும் வகை. கரையை உயர்த்தி வெப்பத்தைத் தடுப்பது மட்டும் அங்கே போதாது என்று கண்ட செங் குவோடாங் போன்ற அறிவியலாளர்கள், நிலத்தை முனைந்து குளிர்விக்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தனர். இளம் பொறியாளர்கள் ஆழ்ந்து படிக்க வேண்டிய பகுதி இது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் அங்கே மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் வேலை நடக்கிறது.

கரையின் அடிப்பகுதியில் பெரிய உடைகற்களை மட்டும், பொடி சிறிதும் இல்லாமல், ஒரு மீட்டர் அளவு தடிப்பில் அடுக்குகிறார்கள். குளிர்காலத்தில் மேலே உள்ள கனமான குளிர்க்காற்று கல்லிடுக்குகளில் இறங்க, அடியில் உள்ள இளஞ்சூட்டுக் காற்று மேலேறி வெளியேறுகிறது. கோடையில் சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால் சுழற்சி நின்று, கல்லடுக்கு காப்பாக மாறுகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் நிலம் இழக்கும் வெப்பமே அதிகம். இந்த இடுக்குகளில் மணலோ மண்ணோ புகுந்து அடைத்துவிட்டால் பயன் போய்விடும் என்பதால், லாரியில் வரும் கல்லைச் சலித்துப் பொடி நீக்கியதா என்று நீங்களே நின்று பார்க்க வேண்டும்.

வெயில் படும் சரிவில் கல்லடுக்கைக் கூடுதலாகப் போடுவதும், கரையின் ஓரமாகத் தெர்மோசைஃபன் குழாய்களை நடுவதும் அடுத்த வழிகள். மூடிய இரும்புக் குழாயில் அம்மோனியா இருக்கும். குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தில் அது ஆவியாகி மேலே போய், செதில்கள் கொண்ட தலைப்பகுதியில் குளிர்ந்து திரவமாகிக் கீழே வழிகிறது. கோடையில் மேலே சூடு அதிகம் என்பதால் தானாகவே நின்றுவிடுகிறது. அடியில் பனி மிகுந்து, எந்த வழியாலும் காக்க முடியாது என்ற இடங்களில், தண்ணீர் இல்லாத நிலத்தின்மீதே பாலமாகக் கடந்துவிட்டார்கள். சிங்சுயிஹே பாலம் 11.7 கிலோமீட்டர் நீளம். செலவு மிகுந்த வழிதான், ஆனால் மோசமான நிலத்தில் பிடிவாதமாகக் கரை போட்டு ஆண்டுதோறும் ஜல்லி கொட்டுவதைவிட மலிவு.

பாலம், குகை, கான்கிரீட்

தூண்களின் அடித்தளத்தில் இரண்டு விசைகளைக் கணக்கில் எடுங்கள். ஒன்று கீழே உறைந்த மண், நிலத்தில் ஆழமாக இறக்கிய பைலை (அடித்தளத் தூணை)ப் பற்றிப் பிடிக்கும் விசை. அது நமக்கு வேண்டியது. மற்றது மேல்படலம் உறையும்போது பைலைப் பற்றி மேலே இழுக்கும் விசை, அது வேண்டாதது. மேல்படல ஆழத்துக்குப் பைலைச் சுற்றி உறை போட்டு, இடைவெளியில் கிரீஸ் போன்ற உறையாப் பொருளை நிரப்பி அதைத் தளர்த்துகிறார்கள். கான்கிரீட் இறுகும்போது வெளிவிடும் வெப்பம் சுற்றியுள்ள மண்ணை உருக்கிவிடும் என்பதால், அது மீண்டும் உறையும்வரை பைல்மேல் பாரம் ஏற்றக் கூடாது. அந்தக் காத்திருப்பை அட்டவணையில் முன்னதாகவே எழுதிவையுங்கள்.

காற்றின் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் குளிர்காலக் கான்கிரீட் விதிகள் பொருந்தும். நம் நாட்டுத் தர விதியான ஐஎஸ் 7861-இன் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். தண்ணீரையும் ஜல்லியையும் சூடாக்கிக் கலப்பது, போட்டதும் மூடிக் கூடாரம் கட்டிச் சூடேற்றுவது, குறைந்தது 3.5 மெகாபாஸ்கல் வலிமை வரும்வரை உறையவிடாமல் காப்பது ஆகியவை அடிப்படை. உறைந்தும் உருகியும் வரும் பரப்புகளுக்கு 5 முதல் 6 சதவீதம் நுண்காற்றுக் குமிழிகளைக் கலவையில் சேருங்கள். இங்கே நாம் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பதப்படுத்துகிறோம். அங்கே அப்படி ஊற்றினால் மேற்பரப்பு உறைந்து செதில் செதிலாகப் பெயரும். ஈரம் போகாமல் ஷீட் போட்டு மூடுங்கள்.

கட்டமைப்பு எஃகு வாங்கும்போது அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஏற்ற சார்பிச் (Charpy) சோதனைச் சான்று, அதாவது அந்தக் குளிரில் எஃகு திடீர் அடியைத் தாங்கும் என்பதற்கான சான்று, கேளுங்கள். சேலம் உருக்காலையில் தயாராகும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு கடுங்குளிரிலும் நெகிழ்வை இழப்பதில்லை. பாலங்களுக்குப் பயன்படும் சாதாரண எஃகு அப்படியல்ல, ஒரு வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைந்து எச்சரிக்கை தராமல் உடையும்.

குகைகளில், அதாவது மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகளில், வாயிலிலிருந்து சில நூறு மீட்டர்தான் தொல்லை மிகுந்த பகுதி. உள்ளே கசியும் நீர் வாயருகே வந்து உறைந்து வடிகாலை அடைக்கும், மின்கம்பிக்கு மேலே பனித்தொங்கல்களாக நீளும். அங்கே வடிகால்களை ஆழத்தில் காப்போடு பதியுங்கள். குகை நிலவியலில் அவசரம் கூடாது என்பதற்குச் சைபீரியாவின் பைக்கால்–அமூர் பாதை உதாரணம்: 15.3 கிலோமீட்டர் செவெரோமுய்ஸ்கி குகையை 1977-இல் தொடங்கி, நீர் நிறைந்த பிளவுப் பகுதிகளோடு போராடி, 2003-இல்தான் போக்குவரத்துக்குத் திறக்க முடிந்தது.

தண்டவாளமும் ஜல்லியும்

மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் குறுக்குவெட்டு 76.86 சதுர சென்டிமீட்டர். நீண்ட பற்றவைத்த பாதையில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் ஏறத்தாழ 1.9 டன் விசை அதில் ஏறும். 20 டிகிரியில் இறுக்கிய தண்டவாளம் மைனஸ் 40-க்குப் போனால் 60 டிகிரி வித்தியாசம், அதாவது ஒவ்வொரு தண்டவாளத்திலும் 114 டன் இழுவிசை. சேலத்தில் நமக்குக் கோடைப் பிதுக்கம்தான் கவலை. அங்கே குளிர்கால முறிவு அதனோடு சேர்ந்துகொள்கிறது. எனவே இறுக்கும் வெப்பநிலையை அந்த இடத்தின் தண்டவாள வெப்பநிலைப் பதிவுகளிலிருந்து எடுங்கள். தண்டவாளங்களை இணைக்கும் தெர்மிட் வெல்டிங்கில் முன்சூட்டைக் குறைக்காதீர்கள், வெல்டை மூடி மெதுவாக ஆறவிடுங்கள். குளிரில் முறிந்த தண்டவாளத்தைத் தேடி நடக்கும் கோல்டு வெதர் பேட்ரோலை விடியலுக்கு முந்தைய மணிநேரங்களுக்கு அமையுங்கள்.

ஜல்லிக்கு நம் ஏற்காடு மலையின் சார்னோகைட் போன்ற உறுதியான கல் கிடைத்தால் நல்லது. எந்தக் கல்லானாலும் சோடியம் சல்பேட் சோதனையில் தேற வேண்டும். ஜல்லியில் மண் சேர்ந்தால் அது ஈரத்தைப் பிடித்து உறைந்துவிடும், உறைந்த ஜல்லியை, அதைக் குத்தி இறுக்கும் டேம்பிங் இயந்திரத்தால் அசைக்க முடியாது. குளிர்காலத்தில் எங்காவது பாதை எழும்பினால், அதன் இருபுறமும் தண்டவாளத்துக்கும் ஸ்லீப்பருக்கும் இடையே ஷிம் எனும் மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிவை மென்மையாக்குவதே நடைமுறை வழி. உருகத் தொடங்கியதும் அவற்றை அதே ஒழுங்கில் எடுத்துவிட வேண்டும், ஆகவே எந்த ஸ்லீப்பரில் எத்தனை தடிப்பு வைத்தோம் என்ற பதிவேடு தவறக் கூடாது.

பனியும் பாறையும்

காற்று அடித்துவரும் பனிக்கு வேலி போடலாம். பாதி திறப்புள்ள பலகை வேலியானால், அதன் உயரத்தைப் போல 35 மடங்கு தூரம் பாதையிலிருந்து காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்துங்கள். 3 மீட்டர் வேலிக்கு 105 மீட்டர். அடியில் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டால் வேலியே பனிக்குள் புதைந்துபோகாது. பனிப்பாளம் இறங்கும் வழிகளில் வேலி பயன்படாது; அங்கே பாதைக்கு மேல் கூரை மூடிய குகை கட்டுங்கள் அல்லது மலைக்குள் போங்கள். பீர் பஞ்சால் மலையில் பானிஹால்–காசிகுண்ட் இடையே ஏறத்தாழ 11.2 கிலோமீட்டர் குகை எடுத்ததால் பனி மூடும் கணவாயில் ஏறவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பாறைச் சரிவுகளில் பகலில் உருகி இரவில் உறையும் நீர், விரிசலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிளக்கிறது. மழை மட்டுமே உள்ள நம் பகுதியிலேயே 2021 நவம்பர் 12 அன்று தொப்பூர்–சிவாடி இடையே பாறைகள் உருண்டு விழுந்து, கண்ணூர்–யஷ்வந்த்பூர் விரைவு ரயிலின் பெட்டிகள் தடம் புரண்டன. உறைவும் உருகலும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்பதால் வலை, ராக் போல்ட், எச்சரிக்கைக் கம்பி ஆகியவற்றைக் கட்டுமானத்தோடு சேர்த்தே மதிப்பீட்டில் கொண்டுவாருங்கள்.

வேலைப் பருவமும் வேலையாள்களும்

சதுப்பு நிலத்தில் கனரக வண்டிகள் குளிர்காலத்தில்தான் போக முடியும், நிலம் உறைந்து கெட்டியாயிருக்கும். ஆனால் உறைந்த மண்கட்டிகளை ரோலரால் இறுக்க முடியாது; இறுகியதுபோலத் தெரிந்து, உருகியதும் உட்கார்ந்துவிடும். எனவே கல்லையும் பொருள்களையும் குளிரில் கொண்டுசேர்த்துக் குவித்துவிட்டு, மண் வேலையை உருகிய பருவத்தில் செய்யுங்கள். பனி மிகுந்த அடிநிலத்தில் மட்டும் முதல் அடுக்கைக் காய்ந்த உடைகல்லாக, நிலம் உறைந்திருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

ஆள்களின் உடல்நிலை வடிவமைப்பின் ஒரு பகுதி. ரஷ்யாவின் வடக்கே சலேகார்டிலிருந்து இகார்கா நோக்கி 1940-களின் இறுதியிலிருந்து 1953 வரை சோவியத் அரசு கைதிகளை வைத்துப் போட்ட பாதை, ஸ்டாலின் இறந்ததும் கைவிடப்பட்டது. அங்கே மாண்டவர்களின் துயரத்தை எந்தப் பொறியாளரும் மறக்கக் கூடாது. திபெத்தில் 4,900 மீட்டருக்கு மேல் ஃபெங்ஹுவோஷான் குகை தோண்டியபோது ஆக்சிஜன் உற்பத்தி நிலையம் அமைத்து உள்ளே செலுத்தினார்கள். ஓமலூரிலிருந்தும் தாரமங்கலத்திலிருந்தும் உங்களோடு வரும் தொழிலாளிகள் கடல்மட்டத்துக்குச் சில நூறு மீட்டர் உயரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களை நேராக மூவாயிரம் மீட்டருக்கு ஏற்றி மறுநாளே மண்வெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். உடல் பழகுவதற்கான நாள்களை ஊதியத்தோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு என்று எவராவது சொன்னால் அன்றே கீழே இறக்குங்கள்.

பாதையை ஒப்படைக்கும்போது தெர்மிஸ்டர் துளைகளை மூடிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் எண், கிலோமீட்டர், ஆழம், கட்டுமானத்துக்கு முந்தைய ஆண்டின் பதிவு, கரை போட்ட பின் வந்த பதிவு ஆகிய அனைத்தையும் பராமரிப்புப் பிரிவின் செக்‌ஷன் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். அடிநிலம் எந்த ஆண்டு எத்தனை டிகிரி சூடேறியது என்று அவருக்குத் தெரிந்தால்தான், தண்டவாளம் அமிழ்வதற்கு முன்பே எந்த இடத்தில் கல்லடுக்கைக் கூட்ட வேண்டும் என்பதை அவரால் தீர்மானிக்க முடியும்.